துளியில் விழுந்த மீசை முடி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சலவைக்கடையும் நலம். மீசை மட்டும் நலமில்லை. தங்கள் மருந்துக்கடைக் கல்லாவில் ஓர் இடம் காலி என்றீர்களே, அதை என் மகளுக்காக வைத்திருக்க வேண்டுகிறேன். அவள் படிப்பை நான் தும்மியே கெடுத்துவிட்டேன்.

புரதம் எப்படி மடிகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறாள் அல்லவா, காலமெல்லாம் துணி மடித்தவனுக்குத் தெரியாத மடிப்பா என்று போன வாரம் பார்க்கப் போனேன். போனவன் வாயடைத்துப் போனேன் மச்சான்! நம் உடம்புக்குள் புரதம் மணிச்சரம் போல நீளமாகப் பிறந்து, யாரும் தொடாமல் தானே சுருண்டு மடிந்து ஓர் உருவத்துக்கு வருகிறதாம். அந்த உருவம் இருந்தால்தான் அது வேலை செய்யும், மடிப்பு தப்பினால் நோய்கூட வருமாம். "ஒவ்வொரு தடவையும் அதே உருவமாம்மா?" என்றேன். "அதேதான்ப்பா. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்காதீங்க, அந்தச் சரத்துலயே எல்லாம் இருக்கு" என்றாள். நான் மடித்த சட்டைகளில் இரண்டு ஒன்றுபோல இருந்ததில்லை. இதுவோ நான் குறட்டை விடும்போதும் எனக்குள்ளேயே நடக்கிறது! நினைத்ததும் புல்லரித்தது, அங்கே குளிரும் அதிகம், மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது.

அவளோ ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் துளித்துளியாகப் புரதத்தை விட்டுக்கொண்டிருந்தாள். அவை கோடிக்கணக்கில் வரிசையாக அடுக்கடுக்காய் நின்று படிகமானால்தான் எக்ஸ்ரேயில் உருவம் தெரியுமாம். இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை. இந்தப் பருவத்துக்குள் வராவிட்டால் மூட்டை கட்டு என்று பேராசிரியை சொல்லிவிட்டார். மிச்சமிருந்த புரதமெல்லாம் அந்த ஒரு தட்டில். அதை மூட அவள் டேப்பை எடுத்த நேரம் பார்த்துத் தும்மினேன். தெருவே அறிந்த என் தும்மல் தங்களுக்குத் தெரியாததல்ல. மீசையிலிருந்து ஒரு நரைமுடி பறந்து நட்டநடுத் துளியில் விழுந்தது.

"அப்பா!" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியை எட்டிப் பார்த்து, "இந்த மீசைக்காரரை உள்ள விட்டது யாரு?" என்றார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன், பிள்ளை, "பரவால்லப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றதுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்ததும் மீசையை வழித்தெறிந்தேன். குளியலறையிலிருந்து வந்தவனைப் பார்த்து உங்கள் தங்கை, "யாருங்க நீங்க?" என்கிறாள். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிக்கவும் இனி வழியில்லை.

தங்கள் வியாபாரமும் முழங்காலும் குறையின்றி ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,
மழுமழு மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் மகள் ஓடி வந்து என்னைக் கையோடு ஆய்வகத்துக்கு இழுத்துப் போனாள். எறிய மனமில்லாமல் அவள் வைத்திருந்த தட்டில் மற்றத் துளிகளெல்லாம் சும்மா கிடக்க, என் முடி விழுந்த துளியில், அந்த முடியைப் பிடித்துக்கொண்டே பொடிப்பொடியாகப் படிகங்கள்! உப்பாக இருக்கும் என்று பேராசிரியை ஒன்றை ஊசியால் அழுத்தினாராம்; உப்பு நறுக்கென்று உடையும், இது மெத்தென்று நசுங்கிவிட்டது. புரதமேதான். மைக்ரோஸ்கோப்பில் நானும் பார்த்தேன் மச்சான், யாரும் மடிக்காமல் மடிந்து, யாரும் அடுக்காமல் அடுக்காக நிற்கிறது. அழுதுவிட்டேன். இனி புதிதாகப் புரதம் தயாரித்து அதே மாதிரி நிறையத் தட்டுகள் வைக்க வேண்டுமாம், படிகம் பற்றிக்கொண்டு வளர மீசை முடி வேண்டுமாம். என் மொழுக்கென்ற முகத்தைப் பார்த்ததும் இந்தத் தடவை ஈயாடாமல் போனது பேராசிரியையின் முகத்தில். ஆகவே கல்லா வேலை வேண்டாம். தங்கள் மீசையில் நன்றாக நரைத்ததாகப் பார்த்து நாலைந்து முடி, பத்திரமாக உறையிலிட்டு, உடனே அனுப்பவும்.