இன்லேண்டு நைனா ஒட்டித் தந்த கடிதம்

போன் பூத் வைத்துக்கொண்டு, போன் பேச வந்தவர்களையே விரட்டியடித்த மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் எங்கள் இன்லேண்டு நைனா ஒருவர்தான். திருத்தணி மலைப்படிக்கட்டுக்குப் போகிற வழியில் இருந்தது அவருடைய எஸ்.டி.டி. பூத். சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் ரிசீவரைத் தொட விடுவார். மற்றவர்கள் கையில் ஓர் இன்லேண்டு லெட்டரைத் திணித்து, ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார். எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அத்தோடு விட்டாரா? பசை தடவித் தருகிறேன் பேர்வழி என்று வாங்கி, அடியில் தன் பங்குக்கு ஒரு வரி எழுதிவிடுவார். எங்கள் ஆபீஸ் கிளார்க் ஒருவர், வீடு சின்னது, ஆடிக்கிருத்திகைக்கு வர வேண்டாம் என்று மாமனாருக்கு நயமாக எழுதியிருந்தார். நைனா கீழே, 'மொட்டை மாடி பெரிசு, தாராளமா வாங்க' என்று சேர்த்துவிட்டார். காவடியோடு பதினோரு பேர் வந்து இறங்கினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. நண்பர்கள் எதிரில் மனைவியின் சாம்பாரைக் கிண்டலடித்துத் தொலைத்தேன். மறுநாளே அவள் அம்மையார்குப்பத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். ஆனால் எனக்கு வீராப்பு. இருபது நாள் கழித்து, 'வந்தால் வா, இல்லாவிட்டால் அங்கேயே இரு' என்று சொல்லிவிடுகிற முடிவோடு பூத்துக்குப் போனேன். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போட்டுத்தான் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

விஷயத்தைக் கேட்ட நைனா ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பக்கத்து வூட்ல பத்து பேரு பாத்துகினு இருப்பாங்க. அந்தப் பொண்ணு எப்டி நைனா அழும்? காயிதம்னா கதவ சாத்திகினு படிக்கும்."

உட்கார்ந்தேன். முதல் கடிதம் முழுக்கக் குற்றப்பத்திரிகை, கிழித்தேன். இரண்டாவதில் உபதேசம். மூன்றாவதில் சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு ஆதாரம். நாலாவதில் எனக்கே அழுகை வந்து மை கலைந்துவிட்டது. ஐந்தாவதில் இரண்டே வரி: 'தப்பு என்னுடையது. வந்துவிடு.' நைனா பசை தடவ வாங்கியபோது தடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் பையோடு வந்து நின்றாள். கடிதத்தை நீட்டினாள். என் இரண்டு வரிக்குக் கீழே கோணல் கையெழுத்து: 'அம்மா, நாலு காயிதம் கிழிச்சிட்டு அஞ்சாவதா எழுதனது இது. நான் பாத்தேன்.'

"உங்க ரெண்டு வரிக்கு ஒண்ணும் நான் வரலைங்க," என்றாள்.

பூத் போய்விட்டது, நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது சண்டை வந்தால் செல்போனில்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அதையும் நாலு தடவை அழித்து அழித்துத்தான் அனுப்புகிறேன். பார்த்தேன் என்று அவளிடம் சொல்ல நைனா இல்லை.