இரண்டு குடம் மெஸ்காலும் ஒரு சத்தியமும்

மதிப்பிற்குரிய ஒதிலியா அத்தைக்கு நெரெய்தா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, குதிரை மூவரும் சுகம். வஹாகா நகரத்து வெயிலில் உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் ரொசால்பாவின் கல்யாணத்தில் அப்பா உங்கள் சம்பந்தியம்மாளைத் தூக்கிக்கொண்டு ஆடியதற்காக, ஒரு வருடம் மெஸ்கால் சாராயத்தை வாயில் வைப்பதில்லை என்று மாதா படத்தின் முன்னால் அவரிடம் சத்தியம் வாங்கினீர்கள். இப்போது பேரனின் ஞானஸ்நானத்துக்கு அவர் கையால் வடித்த மெஸ்கால் இரண்டு குடம் கேட்கிறீர்கள். சத்தியம் உடைந்தால் குடம் மட்டும் வரட்டும், தம்பி வர வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கற்றாழைக்குச் சத்தியம் தெரியாது. எட்டு வருடம் சும்மா நின்றது, இப்போது பூத்தண்டு விடப் பார்த்தது; விட்டால் இனிப்பெல்லாம் அதில் ஏறிவிடும். அப்பா மடல்களைச் சீவி, நடுக்கிழங்கைக் குழியில் சுட்டு, குதிரையை உருளைக்கல்லில் பூட்டி அதை நசுக்கினார். "சாராயமே வேணாம். பாகா காய்ச்சிடலாம், அப்பத்து மேல ஊத்திக்கட்டும்" என்றார். விறகு வாங்கப் போனவர் பக்கத்து ஊர்ச் சேவல் சண்டையில் இரண்டு நாள் நின்றுவிட்டார். வந்து பார்த்தால் தொட்டியிலிருந்த சாறு நுரைத்துப் புளித்திருந்தது. "நான் என்ன பண்ணட்டும்? அதுவே முடிவு பண்ணிடுச்சே!"

சாராயம் வடிக்கும் வாலையில் ஏற்றியாயிற்று. முதலில் சொட்டும் காரத்தையும் கடைசியில் வரும் சப்பையையும் பிரிக்க வேண்டுமே, யார் ருசி பார்ப்பது? அம்மா ஒரு துளி வைத்து "எரியுது" என்றாள். அடுத்ததற்கும் "எரியுது". "அது நாக்கா, தீக்குச்சியா?" என்றார் அப்பா. அன்று அவருக்குச் சாப்பாடு இல்லை. கடைசியில், சத்தியத்துக்கு ஒரு நாள் விடுப்பு கேட்டு அபுந்தியோ சாமியாரிடம் போனார்.

"கூடவே கூடாது, ஃபெர்மின். மாதா கிட்ட சொன்னா சொன்னதுதான். வேணும்னா உன் நாக்கா நான் வந்து உக்காந்துக்கறேன்."

சுரைக்குடுவையோடு வந்தும்விட்டார்.

"எப்படி இருக்கு, சாமி?"

"அவசரப்படாதே. இன்னொரு வாய் பாத்துத்தான் சொல்லணும்."

மாலைப் பூசையில் ஒரே பிரசங்கத்தை இரண்டு முறை வைத்தார். இரண்டாவதுதான் உருக்கமாக இருந்ததாம்.

குடங்கள் நிறைந்தன, புகழெல்லாம் சாமியாரின் நாக்குக்கே. சத்தியமும் முழுசாக இருக்கிறது. ஆகவே அப்பாவும் வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். மாதா உங்கள் முட்டிகளைக் காக்கட்டும்.

அன்புடன்,
நெரெய்தா

பி.கு.: கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அவரு நாக்கா? குடுவையில ஊத்தினா முத்து முத்தா நிக்குதே குமிழி, அதைப் பாத்து நான்தான் பிரிச்சேன். வாயிலயே வைக்க வேணாம். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார்.

"அப்போ இத்தனை வருஷமா ருசி பாத்தது எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். குதிரை இப்போதுதான் குடித்து முடித்தது. அவரை அவசியம் கூப்பிடுங்கள் அத்தை. அடுத்த சத்தியத்துக்கு மாதா படத்தையும் துடைத்து வைக்கச் சொல்கிறாள் அம்மா.