முப்பது கிலோ வால்

நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் ஒரு விமானத்தை விழுத்தப் பார்த்திருக்கிறேன். அதுவும் என் மனைவியின் அண்ணனை உள்ளே இருத்தி வைத்துக்கொண்டு. இதை எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. நான் எழுதாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது சோற்றுக்கும் சொதிக்கும் இடையில் சொல்லிவிடுவார்கள்.

என் தொழில் ஃபைபர் போட் கட்டுவது. திருகோணமலைப் பக்கம் சல்லி ஊர்க் கரையில் நிற்கிற படகுகளில் பாதிக்கு என் கை பட்டிருக்கிறது. (கை படாத பாதிதான் நன்றாக ஓடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களை விடுங்கள்.) எனக்குக் கலியாணமாகி ஒன்றரை வருசத்தில் மனைவி வதனியின் அண்ணன் தயாளன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினான். அங்கே விமானம் திருத்துகிற வேலை, ஓட்டுகிற லைசென்சும் எடுத்திருந்தான். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது சொக்கலேட் கொண்டு வருவார்கள். இவன் ஒரு குழாய் நிறைய வரைபடம் கொண்டு வந்தான். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம், உடம்பு முழுக்க ஃபைபர்.

“மச்சான், நீ போட் கட்டுற ஆள். இதுக்கு எனக்கு ஒரு கை தருவியோ?” என்று கேட்டான்.

“இதென்ன பெரிய கதை. ஃபைபர் எண்டால் ஃபைபர்தானே,” என்றேன்.

அந்த வாயை அப்போதே ரெசின் வைத்து ஒட்டியிருக்க வேண்டும்.

வேலை நடந்தது கிளிவெட்டியில், மாமாவின் நெல் ஸ்டோரில். மாமா, அதாவது என் மாமனார், நெல் வாங்கி விற்பவர். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி, பேச்சில் ஒரு பிழை பிடிக்க ஏலாது. ஊரில் அவரைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கித்தான் கதைப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் எப்போதும் சேர்ட் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வேன்.

விமானம் கட்டுவது போட் கட்டுவது மாதிரித்தான் என்று நான் நினைத்திருந்தேன் அல்லவா? முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. வெட்டிய ஃபோமின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பூச வேண்டும். பிறகு பூசிய ரெசினையே தகட்டால் வழித்து எடுத்துவிட வேண்டும். எனக்கு வயிறெரிந்தது. நாங்கள் போட்டில் ரெசினைக் கஞ்சி ஊற்றுவதுபோல் ஊற்றுகிறவர்கள்.

“ரெசின் கூடினால் பலம் கூடாது மச்சான். பாரம்தான் கூடும்,” என்று தயாளன் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னான். காய்ந்த பிறகு ஒரு காசை எடுத்து உடம்பு முழுக்கத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பான். ஒட்டாத இடத்தில் சத்தம் மந்தமாக வருமாம். நான் செய்த பகுதியில் கொஞ்சம் கூடுதல் நேரம் தட்டினான். அதைக் கவனித்தேன், மனதில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் வால் பகுதிக்கு வந்தோம். வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டே இரண்டு படை துணி. நான் மூன்று தரம் எண்ணினேன். போட் கட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான், பின்பக்கம்தான் பலமாய் இருக்க வேண்டும் என்று. எஞ்சினைச் சுமப்பது பின்பக்கம்தானே. (விமானத்தின் எஞ்சின் முன்னால் இருப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் பார்த்தது, மண்டைக்குப் போகவில்லை.) அப்பளம் மாதிரி இருந்த அந்த வாலைப் பார்க்கப் பார்க்க எனக்கு மச்சானின் உயிரை நினைத்துக் கவலையாக இருந்தது. அவன் அனுமதிக் கடிதங்களோடு கொழும்புக்குப் போன ஒரு கிழமையில், யாருக்கும் சொல்லாமல் வாலுக்குள்ளே இரண்டு படை கூடப் போட்டேன். ரெசினை வழித்தேனா என்று கேட்காதீர்கள். மேலே மினுக்கி எடுத்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு நின்றேன். மனதுக்குள் பெரிய பெருமை.

அந்தப் பெருமை, விமானத்தை நிறுக்கிற நாள் வந்தபோது போய்விட்டது. தயாளன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்கும் மாமாவுக்கும் விளக்கம் சொன்னான்.

“முன் சில்லு ரெண்டையும் தனித்தனியாய் நிறுக்க வேணும். வாலைத் தூக்கிச் சமனாய்ப் பிடிச்சு, அதையும் அதே நேரத்தில நிறுக்க வேணும். வால் முப்பது கிலோவுக்கு மேல போகக் கூடாது. போனால் பறக்கேக்க மூக்கு நிமிர்ந்திடும். வேகம் செத்திடும். பிறகு கல்லு மாதிரி விழ வேண்டியதுதான்.”

நான் கூடப் போட்ட இரண்டு படையை மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன். அவன் எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்த மூன்று மின்சாரத் தராசுகளில் ஒன்றை இறக்கும்போது அது என் கையை விட்டு நழுவி, சீமெந்துத் தரையில் விழுந்து உயிரை விட்டது.

தயாளன் ஒரு பெருமூச்சு விட்டான். “பரவாயில்ல. வாலுக்கு அப்பான்ர தராசு கிடக்குத்தானே.”

மாமாவின் தராசு, ஸ்டோர்க் கூரை வளையில் கட்டித் தொங்குகிற பெரிய கோல் தராசு. ஒரு பக்கம் நெல் மூட்டையைத் தொங்கவிட்டு, மறுபக்கத் தட்டில் பத்துக் கிலோ இரும்புப் படிக்கற்களை வைத்து நிறுப்பார். 

“அது பழசு தம்பி. நெல்லுத் தூசியும் பிடிச்சுப்போய்க் கிடக்கு,” என்றார் மாமா.

“பழசெண்டால் என்ன அப்பா. முத்திரை குத்தின தராசுதானே.”

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்தேன். வாலைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டோம். மறுபக்கம் மூன்று படிக்கற்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சல்லி முத்துமாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். கண்ணைத் திறந்தால் தராசு முள் நட்டநடுவில் நிற்கிறது. முப்பது கிலோ, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

அம்மாளாச்சி காப்பாற்றிவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. தயாளன் என் முதுகில் தட்டினான். “உன்ர கை சுத்தமான கை மச்சான்,” என்றான். மாமா மட்டும் பேயறைந்தவர் மாதிரி தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் ஸ்டோரை ஒதுக்கும்போது ஒரு படிக்கல்லைப் புரட்டினேன். அடியில், இரும்புக்கு நடுவே, உள்ளங்கை அளவில் சாம்பல் நிறமாய் ஒரு வட்டம். மீன்வலைக்குக் கட்டுகிற ஈயத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அடுத்ததைப் புரட்டினேன். அதிலும். எட்டுக் கல்லிலும். கல்லைக் குடைந்து ஈயம் வார்த்து, பத்துக் கிலோ என்று எழுதிய கல்லை அதற்கு மேல் பாரமாக்கி வைத்திருக்கிறார் மனிதர். அந்தக் கல்லில் முப்பது என்றால், நெல்லானாலும் வாலானாலும், உண்மையில் முப்பதுக்கு மேல்.

அதாவது என் களவையும் மாமாவின் களவையும் இரண்டு தட்டில் வைத்தால் தராசு சமனாக நின்றிருக்கிறது.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? உடனே தயாளனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தராசு பிழை என்று சொன்னால் மாமாவின் மானம் போகும். வால் பாரம் என்று சொன்னால் என் மானம் போகும். இரண்டில் எதைச் சொன்னாலும் மற்றதும் கூடவே இழுபட்டு வெளியில் வரும். அதனால் யோசித்து, மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். (இதற்குப் பெயர் யோசனை இல்லை, பயம். இப்போது தெரிகிறது.)

அந்த மூன்று நாளில் விமானத்தின் சிறகைக் கழற்றி, லொறியில் ஏற்றி, கிண்ணியாப் பாலம் தாண்டி, துறைமுகத்துப் பக்கம் இருக்கிற ஓடுபாதைக்குக் கொண்டு வந்து பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் எங்களுக்கு என்று கடிதம் வந்திருந்தது. மாமா சாப்பாட்டைக் கையால் அளைந்துவிட்டு எழும்பிப் போவார். ஒரு தரம் மெல்ல ஆரம்பித்தார்.

“தம்பி, ஒருக்கா வேற தராசிலயும் நிறுத்துப் பாப்பமே?”

“ஏன் அப்பா, உங்கட தராசில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?” என்று தயாளன் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

ஞாயிறு காலை சல்லிக் கோயிலுக்குப் போய், அதே வேட்டியோடு ஓடுபாதைக்குப் போனேன். தயாளன் உள்ளே ஏறி வாரைப் பூட்டினான். வதனி கையைக் கும்பிட்டபடி நின்றாள். எனக்கும் மாமாவுக்கும் இடையில் பத்தடி. அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அவர் சொல்வார் என்று நான் நிற்கிறேன். எனக்குத்தான் தைரியம் இல்லை, பெற்ற தகப்பன் அவர், அவர் சொல்லட்டுமே.

எஞ்சின் பிடித்தது. விமானம் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் வாலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். முன்னாலிருந்து அடித்த காற்றில் என் வேட்டி அவிழ்ந்து, ஓடுபாதையைத் தாண்டி, வேலிக் கம்பியில் போய் விழுந்தது. திருகோணமலையில் அன்று முதலில் பறந்தது அதுதான். வேட்டி போன பிறகும் நான் வாலை விடவில்லை. திரும்பிப் பார்த்தால் மறுபக்கம் வாலைப் பிடித்துக்கொண்டு மாமா தொங்குகிறார்.

தயாளன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். “என்ன விசர்க் கூத்து இது?”

“வால் பாரம்,” என்றேன். “நான் ரெண்டு படை கூடப் போட்டனான். நீ கொழும்பிலை நிக்கேக்க.”

“விசர்க் கதை கதையாத. முப்பது கிலோதானே காட்டினது?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா வாலிலிருந்து கையை எடுத்தார். மகனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “முப்பது இல்ல தம்பி,” என்றார். “என்ர கல்லு பத்துக்கு ஒண்டு கூட. ஈயம் வாத்துக் கிடக்கு. கன காலமாய்.”

தயாளன் பேனையை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டான். போட்டு முடித்துவிட்டு அப்படியே ஓடுபாதையில் குந்தினான்.

“முப்பத்து மூண்டு,” என்றான். “எழும்பியிருப்பன். இறங்கியிருக்க மாட்டன்.”

வதனி அழுதுகொண்டே வந்து எனக்கும் தகப்பனுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தாள். “ரெண்டு ஆம்பிளையளும் மானத்தைக் காப்பாத்திறதுக்கு என்ர அண்ணனைக் கொல்லப் பாத்திருக்கிறியள். முதல்ல போய் அந்த வேட்டியை எடுத்துக் கட்டுங்கோ.”

நான் போய் எடுத்துக் கட்டினேன். வேலிக் கம்பியில் கிழிந்து போயிருந்தது. ஆனாலும் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு வேட்டியை அதற்கு முன் கட்டியதில்லை. மச்சான் உயிரோடு தரையில் குந்திக்கொண்டு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். காதுக்கு இனிமையாக இருந்தது.

இரவல் தராசுகளைத் தயாளன் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டான். திரும்ப நிறுக்க நேர்மையான தராசு ஒன்று வேண்டுமே. சல்லியில் மீன் வாங்குகிற வாடியில் தராசு இருக்கிறது என்றேன். “அதுவும் வாங்கிற ஆக்களின்ர தராசுதான் மருமகன்,” என்று மாமா தணிந்த குரலில் சொன்னார். அனுபவஸ்தர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். கடைசியில் வதனிதான் வழி சொன்னாள். அவள் தாய்சேய் கிளினிக்கில் மருத்துவ மாது. கர்ப்பிணிகளை நிறுக்கிற தராசை மேலிடத்தில் சொல்லிக் கேட்டு எடுத்து வந்தாள். “இந்தத் தராசு பொய் சொல்லாது. ஏறி நிக்கிறவைதான் பொய் சொல்லுவினம்,” என்றாள். முப்பத்து மூன்று கிலோ காட்டியது.

பிறகு எட்டு நாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாலுக்குள் தலையை விட்டு, நான் போட்ட படையை நானே சுரண்டினேன். கண்ணாடித் தூள் பட்டு உடம்பெல்லாம் கடி. வதனி கடிக்கு மருந்து தரவில்லை. எவ்வளவு சுரண்டியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இனிச் சுரண்டினால் வால் பழுதாகிவிடும், அதற்கு ஈடாக மூக்குப் பக்கம் பாரம் வைக்க வேண்டும் என்றான் தயாளன்.

அடுத்த நாள் காலை மாமா ஒரு சாக்குப் பையோடு வந்தார். தயாளனுக்கு முன்னால் வைத்து அவிழ்த்தார். எட்டுத் துண்டு ஈயம்.

“எல்லாக் கல்லிலயும் இருந்து எடுத்திட்டன். இதை வைச்சுப் பார் தம்பி,” என்றார்.

தயாளன் அந்த ஈயத்தைக் கிளினிக் தராசில் நிறுத்து, தேவையான அளவு எடுத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து இறுக்கிப் பூட்டினான். புதிய கணக்கை எழுதி அனுப்ப, புதிய கடிதமும் வந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அந்த விமானம் எழும்பி, துறைமுகத்தைச் சுற்றி, பதினொரு நிமிசம் பறந்து, இரண்டு துள்ளுத் துள்ளி இறங்கியது. நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். மாமா பார்த்துக்கொண்டே அழுதார்.

மாமா குடைந்த கற்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கற்கள் வாங்கினார், அதில் இப்போது பத்து என்றால் பத்துத்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாராவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்ப ஏலாது. “பத்து நிமிசத்தில வாறன்,” என்று போனில் சொன்னால் போதும், “எந்தப் பத்து? அப்பான்ர பத்தோ, கிளினிக் பத்தோ?” என்று வதனி கேட்பாள். மாமா பக்கத்தில் இருந்தாலும் கேட்பாள். அவரும் சிரிப்பார், இப்போது நல்ல சிரிப்பு.

போன மாதம் தயாளன் என்னிடம் வந்து, “இவ்வளவு காலமாய்ப் பக்கத்துச் சீட் சும்மா கிடக்கு மச்சான். ஒரு நாளைக்கு வாவன்,” என்றான். நான் உடனே தலையாட்டினேன். 

“உன்ர பாரம் எவ்வளவு?” என்று கேட்டான்.

“எழுபது,” என்றேன்.

அவன் வதனியைப் பார்த்தான். அவள் உள்ளே போய், வேலைக்குக் கொண்டுபோகிற தராசைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். ஏறி நின்றேன். எழுபத்தெட்டு.

தயாளன் குனிந்து முள்ளைப் பார்த்தான், நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தான். அங்கே ஒரு காசை வைத்துத் தட்டி, காதுகொடுத்துக் கேட்டான்.

“ரெண்டு படை கூட,” என்றான். “சுரண்டிப்போட்டு வா.”