ஹாசல்பாக் அப்போதே சொன்னார்

முன்கூட்டியே சொல்கிறவர்களைப் பற்றி எழுதப் போவதில்லை. பாவம், அவர்கள் பாதிக்குப் பாதி தோற்றுப்போகிற ஜாதி. நான் சொல்ல வந்தது பின்கூட்டியே சொல்கிறவர்களைப் பற்றி. மழை கொட்டி ஓய்ந்தபின் காலையிலேயே மேகத்தைக் கவனித்தேன் என்பார்கள். உள்ளூர் அணி தோற்றபின் கோல்கீப்பர் முகத்திலேயே தெரிந்தது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விவாகரத்து வாங்கியபின் கல்யாணக் கேக்கே சரியில்லை என்பார்கள். இவர்களோடு யார் சண்டை போட முடியும்? தோற்க வழியே இல்லாத ஆட்டக்காரர்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் பேராசிரியர் ஃபோல்க்மார் ஹாசல்பாக்.

ரைன் நதிக்கரையில் எங்கள் ஆய்வுக்கூடம். நாங்கள் தரைக்கடியில் அளப்பவர்கள். அவர் மேல்மாடியில் கணக்குப் போடுபவர். மெல்லிய தகட்டின்மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, அணுக்கருவில் பட்டு எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணுவது எங்கள் பிழைப்பு. கோணம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் சட்டென்று பள்ளம் விழும். அந்தப் பள்ளம் விழுகிற இடம் அணுக்கருவின் பருமனைச் சொல்லிவிடும்: முன்னாலேயே விழுந்தால் கரு குண்டு, தள்ளி விழுந்தால் ஒல்லி. அது எங்கே விழும் என்று சொல்ல வேண்டியது ஹாசல்பாக்கின் மாடல்.

சொல்லுமா? சொல்லும். நாங்கள் அளந்த பிறகு.

புதன்கிழமைக் கூட்டத்துக்குப் பிளம்ஸ் கேக்கோடு வருவார். முதல் வரிசையில் கண்ணை மூடி உட்காருவார். திரையில் எங்கள் புள்ளிகள் தெரிந்ததும் கண் திறக்கும், மூக்குக்கண்ணாடி துடைக்கப்படும், பிறகு அந்த வாக்கியம் வரும். “இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?” கணினிக்குப் போய் மாடலில் ஓர் எண்ணை லேசாகத் தட்டி மாற்றுவார், அவருடைய வளைகோடு பூனைபோலத் தாவி எங்கள் புள்ளிகள்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அளக்கும் குழுவின் தலைவி கெசீனா ஹார்ம்ஸ் ஒருநாள் உணவுக்கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

“புரொபசர், அடுத்து கால்சியம். இந்தத் தடவை அளக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்களேன். பள்ளம் எங்க விழும்?”

“இயற்கையை அவசரப்படுத்தக் கூடாது, கெசீனா.”

“இயற்கையை யாரு அவசரப்படுத்தினா? உங்களைத்தான்.”

மேஜை மேஜையாகச் சிரிப்பு. ஹாசல்பாக் உருளைக்கிழங்கைப் பாதியில் விட்டு எழுந்தார். விறுவிறுவென்று கீழே வந்து, எங்கள் கட்டுப்பாட்டறைப் பலகையில் கோட்டை வரைந்து, பள்ளத்துக்கு ஒரு வட்டமும் போட்டார். அந்த வட்டத்தையும் இரண்டு தடவை அழித்து அழித்துத்தான் போட்டார். பாவம், முன்கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

அளந்தோம். பள்ளம் வட்டத்தில் விழவில்லை. வெகு முன்னாலேயே விழுந்துவிட்டது.

புதன்கிழமை. கெசீனா திரையில் காட்டினார். மூக்குக்கண்ணாடி வழக்கத்தைவிட அதிக நேரம் துடைபட்டது. “தப்பு என்னோடது” என்று சொல்லியிருக்கலாம். “எதுக்கும் இன்னொரு தடவை அளந்து பாருங்க” என்றாவது சொல்லியிருக்கலாம்.

“இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?”

“நீங்க வட்டம் போட்ட இடம் வேறயாச்சே?”

“அது உங்களுக்குப் புரியட்டுமேன்னு எளிமையாப் போட்டது. கால்சியம் கொஞ்சம் குண்டாத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்.” ஓர் எண் தட்டப்பட்டது. கோடு தாவி உட்கார்ந்தது. அடுத்த மாதம் லிஸ்பனில் நடந்த மாநாட்டில், பழைய கோடு வெறும் பிள்ளை விளையாட்டு என்று அவரே மேடையேறிச் சொல்லிவிட்டும் வந்தார்.

கெசீனாவுக்கு மட்டும் உறுத்தல். உலகமே பலமுறை அளந்து சலித்த கார்பனை வைத்து அளந்து பார்த்தார். அதன் பள்ளமும் இடம் மாறி விழுந்தது! கார்பன் திடீரென்று குண்டாகிவிடுமா? எங்கள் கருவியைத் தாங்கி நிற்கும் ராட்சதக் காந்தம்தான் நாங்கள் நினைத்த கோணத்தில் நிற்கவில்லை. சரிசெய்து மறுபடி கால்சியத்தை அளந்தோம். பள்ளம் ஹாசல்பாக்கின் பழைய வட்டத்துக்குள், நட்டநடுவில், சமர்த்தாக விழுந்தது.

கெசீனா கூட்டத்தில் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. “தப்பு எங்களோடது. புரொபசரோட முதல் கோடுதான் சரி.”

ஹாசல்பாக் துள்ளி எழுந்தார். “நான்தான் அப்பவே சொன்னேனே!”

அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான். அவர் வாழ்நாளில் அந்த வாக்கியம் உண்மையாக இருந்த ஒரே நாள் அது. “நிஜமாவே சொன்னாருங்க!” என்று கெசீனா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கேக் தட்டில் அப்படியே இருந்தது.

வெளியே நடைவழியில் அவர் கெசீனாவை நிறுத்தினார். “நான் சொன்னேன், இல்லையா?”

“சொன்னீங்க புரொபசர். நாங்க தப்பா அளந்தோம். ஆனா சரியா இருந்ததை அழிச்சது நாங்க இல்லையே.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தளர்ந்துபோய்ப் படியேறினார். அன்று அவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது.

மனுஷர் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தோம். இரண்டு வாரம் போனது. காப்பி இயந்திரத்தருகே புதிதாக வந்த விருந்தாளி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்: “அந்தக் காந்தத்துல ஏதோ கோளாறுன்னு எனக்கு அப்பவே பட்டுது.”

என்ன, தலையாட்டுகிறீர்கள்? அவர் இப்படித்தான் முடிப்பார் என்று பாதி படிக்கும்போதே தெரிந்துவிட்டதா உங்களுக்கு? அப்படியா, ரொம்ப சந்தோஷம். எதற்கும் வீட்டில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே நிறையப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.