சாம்பார் வரிசையில் அடித்த சைரன்

போர்ச் செய்தியை உலகத்துத் தொலைக்காட்சிகளுக்கெல்லாம் முந்திச் சொன்னவர் எங்கள் சைரன் அண்ணாச்சி. அவருக்கு வேலை, கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் எங்கள் அலுவலகக் கேன்டீனில் சாம்பார் ஊற்றுவது.

நாகர்கோவில்காரர். மகள் ஜெயா வெளிநாட்டில் ஒரு வயதான அம்மாளை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். போன ஆறாம் மாதம் அங்கே போர் வந்துவிட்டது. ஏவுகணை வந்தால் அந்த ஊர்க்காரர்களின் கைபேசியில் சைரன் அடிக்கும் செயலி ஒன்று உண்டு. அதைத் தனக்கும் போட்டுத் தரச் சொல்லி அண்ணாச்சி என்னிடம் வந்தார். நான் செய்தவை மூன்று: செயலியை ஏற்றினேன், ஜெயாவின் ஊரைக் குறித்தேன், ஒலியை முழுக்கக் கூட்டினேன். மூன்றாவதைத் தவிர்த்திருக்கலாம்.

முதல் சைரன் சாப்பாட்டு வேளையில் அடித்தது. அண்ணாச்சி பாய்ந்துபோய் கேஸை அணைத்தார். "கண்ணாடிப் பக்கம் நிக்காதிய, செவரோரம் வாங்க!" என்று கத்தினார். தணிக்கைக்கு வந்திருந்த அதிகாரி கையில் அப்பளத்தோடு மேசைக்கடியில் போய்விட்டார்.

அப்புறம் அது பழகிவிட்டது. சைரன் அடித்தால் சாம்பார் நிற்கும். நிலவறைக்குப் போய்விட்டதாக ஜெயா செய்தி அனுப்புவாள். "எறங்கிட்டா!" என்பார் அண்ணாச்சி. வரிசை நகரும்.

சில நாள் அவள் இறங்கமாட்டாள். அந்த அம்மாளால் படி இறங்க முடியாது. தனியே விட்டுப்போக ஜெயாவுக்கு மனம் வராது. அன்றெல்லாம் அண்ணாச்சி போனில் கெஞ்சுவார், திட்டுவார். "அவுங்களுக்குப் பிள்ளைய உண்டுல்லா? நீ விட்டுட்டு ஓடு மக்ளே!"

மேலாளர் சுரேஷ் சாருக்குப் பொறுக்காது. "அண்ணாச்சி, எனக்கு மீட்டிங் உண்டு. மிசைல் இங்கோட்டு வருமோ?"

"இங்க வராது சாரே. அங்க எம் மவ இருக்கால்லா."

ஒரு நாள் சைரன் அடித்தது, செய்தி வரவில்லை. பத்து நிமிடம். இருபது. நாற்பது. ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. சுரேஷ் சார்கூட வெறும் தட்டோடு நின்றார்.

கடைசியில் வீடியோ அழைப்பு வந்தது. குளியலறைத் தரையில் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள், தலையெல்லாம் காரைத்தூசி.

"பக்கத்துக் கட்டடத்துல விழுந்துட்டுப்பா. எனக்கு ஒண்ணுமில்ல. இவங்கதான் அழுகையை நிறுத்த மாட்டேங்காங்க."

அண்ணாச்சி கைபேசியை முகத்தருகே கொண்டுபோனார். "பயப்படாதியம்மா. எம் மவ இருக்கால்லா? உங்கள விட்டுட்டு எங்கயும் போவமாட்டா."

அந்த அம்மாளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் முகத்தையே பார்த்தாள்; அழுகை மெல்ல அடங்கியது.

அழைப்பு முடிந்ததும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வாக்குக் குடுத்துட்டேனே மக்ளே. இனி அவகிட்ட ஓடுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். யாரும் சொல்லாமலே சுரேஷ் சார் உள்ளே வந்து கரண்டியை எடுத்தார். முதல் தட்டை அண்ணாச்சிக்குப் போட்டார்.