பெயர் தெரியாமல் பேசிய பேரம்

சொன்ன விலைக்கே பொருளை வாங்கி வருபவரை எங்கள் பக்கத்தில் யாரும் செல்வந்தர் என்று கருதுவதில்லை. உடம்புக்கு என்ன என்றுதான் விசாரிப்பார்கள். என் அப்பா இந்தக் கொள்கையின் கொடுமுடி. நாமக்கல்லுக்குத் தெற்கே கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தீவனக்காரரிடமும் முட்டை வியாபாரியிடமும் நாள்தோறும் வாதாடிப் பழகியவர், ஒரு முறை மருத்துவர் சொன்ன இரத்த அழுத்த அளவையே சற்றுக் குறைத்துக் கேட்டார். (மருத்துவர் குறைக்கவில்லை. அப்பா மருத்துவரை மாற்றிவிட்டார்.)

அத்தகையவரின் மகனாகிய நான் அப்போது பெங்களூரில் வேலை பார்த்துவந்தேன். ஆகவே இணையம் முழுவதும் என் ஆளுகைக்கு உட்பட்டது என்று வீட்டார் நம்பினர். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் செயல் எதையும் நான் செய்ததில்லை. ஏலம் கேட்டு ஓட்டல் அறை பிடிக்கும் தளம் ஒன்றை அந்நாளில் கண்டுபிடித்திருந்தேன். எந்த ஊர், எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம் என்பதைக் குறித்து, நாம் தர விரும்பும் விலையைச் சொல்ல வேண்டும். விருப்பமுள்ள ஓட்டல்காரர் ஏற்பார். இல்லையேல் தம் விலையைச் சொல்லி வாதாடுவார். பணம் கட்டி முடியும்வரை ஓட்டலின் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவருக்குத் தெரியாது. கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பாது. கடைசி விதியைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சிறிய எழுத்தைப் படிப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்ட வயது அது.

தங்கை மேகலாவுக்குச் சேலத்தில் திருமணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வாழப்பாடிக்காரர்கள். அவர்களைத் தங்கவைப்பது பெண் வீட்டாரின் பொறுப்பு. அவர்கள் இறங்கும் இடத்திலேயே பெண்ணின் தந்தை தட்டோடு நின்று வரவேற்பது முறை. வைகாசி முகூர்த்தமாதலால் ஓட்டல்கள் விலையை ஏற்றியிருந்தன. அப்பா தொலைபேசியில் பேரம் பேச முயன்றார்.

"பாதி வெலைக்குக் கேட்டன், போன வெச்சுட்டானுங்க. மூஞ்சியப் பாத்தா இப்பிடி வெப்பானுங்களா?" என்று அம்மாவிடம் அங்கலாய்த்தார்.

"அப்பா, மூஞ்சியே தெரியாமப் பேசற எடம் ஒண்ணு இருக்குதுங்க," என்றேன் நான். என் வாழ்வில் அவ்வளவு பெருமிதத்தோடு வேறெந்த வாக்கியத்தையும் சொன்னதில்லை.

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். சேலத்தில் 'காளியண்ணன் ரெசிடென்சி' என்று தம் தந்தையின் பெயரில் ஓட்டல் கட்டினார். திறப்புவிழா அழைப்பிதழில் அப்பாவின் பெயர் சித்தப்பாவுடைய மச்சானின் பெயருக்குக் கீழே அச்சாகியிருந்தது. அச்சகத்தார் பிழை என்று சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா விழாவுக்குப் போகவில்லை. அந்தச் சாலை வழியே போவதையும் விட்டுவிட்டார். பேச்சு நின்றது. மேகலாவின் திருமண அழைப்பிதழில் சித்தப்பாவின் பெயர் கீழே அன்று, எங்குமே இல்லை. பொன்னிற ஓரம் பிடித்த அந்த அழைப்பிதழைப் பார்க்கும்போதெல்லாம் மேகலா எழுந்து அறைக்குள் போய்விடுவாள். சித்தப்பா அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நான் மடிக்கணினியின் முன்னும் அப்பா கட்டிலின் விளிம்பிலும் அமர்ந்து ஏலத்தைத் தொடங்கினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஓட்டல்காரர் முதல் விலையைப் படித்தார். பிறகு, "இந்த விலைக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துத் தரலாம்" என்று எழுதினார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளு கெட்டிக்காரன்டா. எழுது. பாய்க்குத் தலகாணி உண்டுங்களா?"

"தலையணை தருவோம். தலை உங்களுடையதாக இருக்க வேண்டும்."

அதன்பின் அங்கே நடந்தது வெறும் வாணிகம் அன்று. காலைச் சிற்றுண்டி சேருமா, வெந்நீர் எதுவரை வரும், பேருந்து நிறுத்த இடமுண்டா என்று அப்பா ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்க, எதிரில் இருந்தவர் ஒவ்வொன்றையும் சளைக்காமல் தடுத்தார். ஒரு கட்டத்தில் அப்பா, "நாங்க வேற எடம் பாத்துக்கறோம்னு எழுது," என்று சொல்லிவிட்டு என்னை எழுந்து அறையின் வாசல்வரை நடக்கச் சொன்னார். (சேலம் செவ்வாய்ப்பேட்டைத் துணிக்கடையில் இந்த நடைக்கு மதிப்புண்டு. இணையத்தில் இது யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "நடந்தாத்தான்டா எழுத்துல அது வரும்," என்றார். நடந்தேன்.) நான் திரும்பி வருவதற்குள் மறுபக்கத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள்.

பொழுது சாய்கையில் உடன்பாடு ஏற்பட்டது. சேலத்தில் அந்த முகூர்த்தத்துக்கு அவ்வளவு மலிவாக வேறெவரும் அறை பிடித்திருக்க முடியாது. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நெம்ப நாளாச்சுடா இப்பிடி ஒருத்தங்கூடப் பேசி. மனுசன்னா இப்பிடி இருக்கோணும்," என்றவர், அம்மாவிடமும் சொல்லப் போனார்.

நான் பணத்தைக் கட்டினேன். திரையில் ஓட்டலின் பெயர் தோன்றியது.

காளியண்ணன் ரெசிடென்சி.

நாங்கள் பாராமல் இருந்த ஆண்டுகளில் அதற்கு நட்சத்திரங்கள் முளைத்திருந்தன. மடிக்கணினியை மூடினேன், திறந்தேன், பெயர் மாறவில்லை. அப்பாவிடம் சொன்னால் அறைகளை வேண்டாம் என்பார். பணம் திரும்பாது; முகூர்த்த நாளில் வேறு அறையும் கிடைக்காது; வாழப்பாடியிலிருந்து வருபவர்கள் மண்டபத்து நாற்காலிகளில் உறங்குவார்கள்; அதை மேகலா காலமெல்லாம் புகுந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பாள். எனவே சொல்வதில்லை என்று தீர்மானித்தேன்; பெயர் கேட்டால், போய் இறங்கும்வரை தளம் பெயரைச் சொல்லாது என்று சமாளித்துக்கொள்ளலாம். ஓட்டலின் பெயரைத் திருமண வாழ்த்துப் பதாகையால் மறைத்துவிட்டால், அந்தச் சாலைக்கே வராத அப்பாவுக்கு அது வெறும் கட்டடம். இந்த யோசனை தோன்றியபோது என் அறிவைக் கண்டு நானே சற்று அஞ்சினேன்.

பதாகை கட்டச் சித்தப்பாவின் இசைவு தேவைப்பட்டது. சேலத்துக்குப் போனேன். அவர் கல்லாவில் இருந்தார். பேரம் பேசும் இன்பத்தை மேலாளரிடம் ஒப்படைக்க மனமில்லாதவர். ஞாயிற்றுக்கிழமை எதிரில் அமர்ந்து எழுதியவர் அவரேதான்.

"பணங் கட்டுனதும் உன்ர பேரு வந்துச்சு, சாமி," என்றார். "உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாதே. அண்ணன்தான?"

"ஆமாங்க சித்தப்பா."

"அந்த, வேற எடம் பாத்துக்கறோம்னு வந்துச்சே. அப்ப எந்திரிச்சு நடந்தாரா?"

"என்னைய நடக்கச் சொன்னாருங்க."

அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதாகைத் திட்டத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கட்டிக்க. அவரு வார நேரத்துக்கு நான் மேல ரூமுல இருந்துக்கறேன். என்னையப் பாத்துத் தட்டக் கீழ வெச்சுட்டுப் போயிட்டாருன்னா, புள்ளைக்கு நல்லா இருக்காது."

திருமணத்துக்கு முந்தைய நாள் மாலை, ஓட்டலின் முகப்பில் பதாகை ஏறியது. மறைக்க வேண்டிய பலகை பெரிதாகையால் மணமக்களின் முகங்களையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. மேகலா கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ர கன்னம் மட்டும் ரெண்டாவது மாடி வரைக்கும் போகுது. இத எறக்கு, இல்லாட்டிக் கல்யாணத்தையே நிறுத்து," என்று செய்தி அனுப்பினாள். இரண்டையும் செய்யவில்லை. சாலை அடையாளம் தெரியாதபடி சந்துகளில் சுற்றி அப்பாவைக் காரில் அழைத்துவந்தேன். அவர் கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வெலைக்கு இவ்வளவு பெரிய ஓட்டலா?" என்றார். தட்டோடு வாசலில் நின்றார். நாதசுரக்காரர்கள் வாசித்தார்கள். எல்லாம் என் கணக்கின்படியே நடந்தது.

மாப்பிள்ளை வீட்டாரின் பேருந்து மட்டும் வரவில்லை. வாசித்தவர்கள் நிறுத்தித் தேநீர் குடித்தார்கள், மறுபடி வாசித்தார்கள். அப்போது ஆள்களை நிரப்பிய பேருந்து ஒன்று எங்களைக் கடந்து வேகமாகப் போயிற்று. சற்றுப் பொறுத்து எதிர்த்திசையிலிருந்து அதே பேருந்து மறுபடி எங்களைக் கடந்தது. சன்னலோரத்தில் மாலையணிந்த மாப்பிள்ளை அமர்ந்திருந்தார். தம் முகமே தலைக்கு மேல் கட்டடமாக நிற்பதை அறியாமல் நேரே பார்த்துக்கொண்டு போனார்.

அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. தட்டை ஒரு கையில் ஏந்தியபடி ஒலிபெருக்கியைத் தட்டினார். சம்பந்தியின் குரல் தெருவுக்கே கேட்டது.

"என்னா சம்பந்தி, இந்த ரோட்ட ரெண்டு தடவ அளந்தாச்சு. காளியண்ணன் ரெசிடென்சின்னு ஒரு போர்டக்கூடக் காணோமே. உங்க பையன் அந்தப் பேரத்தான் அனுப்புனாரு."

ஓட்டலின் பெயரை மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பியதும் நான்தான். அதே பெயரை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்ததும் நான்தான். நாட்டின் தலைசிறந்த மூளை ஒன்று அன்று சேலத்தில் வாசலோரம் நின்று வியர்த்துக்கொண்டிருந்தது.

அப்பா அண்ணாந்து பதாகையைப் பார்த்தார். அதன் கீழ்விளிம்பில் பெயர்ப்பலகையின் கால் மட்டும் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்கூடப் பேசுனது அவனா?"

"ஆமாங்க."

"தல உங்களுதா இருக்கோணும்னு எழுதுனானே, அது?"

"அவருதானுங்க."

அவர் தட்டைக் கீழே வைத்துவிடுவாரோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு அசையவில்லை.

"எங்க அவன்?"

"மேல ரூமுல ஒளிஞ்சிருக்காருங்க. நீங்க பாத்தா..."

"என்ர புள்ள கல்யாணத்துக்கு அவன் எதுக்குடா ஒளியறான்? கூப்புடு. அந்தக் கருமத்தையும் அவுத்து உடு."

பதாகை அவிழ்ந்து விழுவதற்கும் பேருந்து மூன்றாம் முறை வருவதற்கும் சரியாக இருந்தது. சித்தப்பா வெள்ளை வேட்டியோடு இறங்கி வந்து, அருகில் வரத் தயங்கித் தூண் ஓரமாக நின்றார். அப்பா அவரைப் பார்க்காமலே சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். சித்தப்பா வந்து வாங்கிக்கொண்டார்.

பேருந்திலிருந்து இறங்கிய சம்பந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு. "இவரு யாருங்க?" என்றார்.

"என்ர தம்பிங்க. ஓட்டலு இவனுதுதானுங்க."

"அப்படியா? பத்திரிகையில பேரப் பாக்கலையே."

நாதசுரக்காரர்கள்கூட அந்த இடத்தில்தான் மூச்சு வாங்கினார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. பேரத்தில் ஒருநாளும் சொல்லுக்குத் தவிக்காதவர் தட்டிலிருந்த வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். சித்தப்பா சந்தனத்தைச் சம்பந்தியின் கையில் வைத்தபடி சொன்னார்:

"பேரு போட்டா விருந்தாளியாட்டம் வந்து உக்காந்துக்குவேன்னு எங்கண்ணனுக்குத் தெரியுமுங்க. வேல பூராம் என்ர தலையில கட்டீட்டாரு. உள்ள வாங்க, வெந்நி போட்டு வெச்சிருக்குது."

சம்பந்தி அதை மிகப் பெரிய நாகரிகம் என்று மெச்சிக்கொண்டே உள்ளே போனார். மறுநாள் மணமேடையில் பங்காளி செய்ய வேண்டிய முறைகள் அனைத்தையும் சித்தப்பாவே செய்தார். அப்பா அவரிடம் நன்றி என்றோ, மன்னித்துக்கொள் என்றோ சொன்னதை யாரும் கேட்டதில்லை. பந்தியில் இருவரும் அருகருகே அமர்ந்தபோது, "கணக்குக்கு மேல எச்சாப் போட்ட பாய்க்கெல்லாம் நான் காசு தர மாட்டன்டா," என்றார். "தலகாணிக்குக் குடுத்துருங்கண்ணா," என்றார் சித்தப்பா. எதிர்ப்பந்தியிலிருந்து இதைப் பார்த்த மேகலா அழத் தொடங்க, புகுந்த வீட்டார் பிரிவுத்துயர் என்று எண்ணித் தேற்றினார்கள்.

அந்தப் பேரத்தில் வென்றது யார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் தீராத வழக்கு. தாம் நினைத்ததைவிடக் குறைவாக முடித்ததாக அப்பா சொல்கிறார். தாம் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கறந்ததாகச் சித்தப்பா சொல்கிறார். அப்பா இப்போது அந்தத் தளத்தைத் தாமே இயக்கக் கற்றுவிட்டார். சேலத்தில் வேலையிருந்தால் சித்தப்பாவின் ஓட்டலுக்கே போகிறார். ஆயினும் இலவச அறையை ஏற்பதில்லை. சென்ற மாதம் நானும் உடன் போனேன். வரவேற்பறைச் சோபாவில் அமர்ந்து அப்பா கைப்பேசியில் விலை கேட்டார். கல்லாவில் அமர்ந்து சித்தப்பா தம் கைப்பேசியில் மறுத்தார். இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திடீரென்று அப்பா எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தெருவரை நடந்தார்.

சித்தப்பா தலை நிமிராமலே சிரித்தார். உள்ளிருந்து சித்தி எட்டிப் பார்த்து, "இவிய பேசி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப் போகும். நீ வந்து உக்காரு, சாமி," என்றார்.