சங்கரா மீனும் சாந்தாவின் கிட்னியும்

“போன தடவ குடுத்த மாத்திரைய முழுசா சாப்ட்டீங்களாம்மா?”

“முழுசா தீந்துடுச்சு டாக்டர். பாதி நானு, பாதி எங்க வூட்டுக்காரரு. அவருக்கும் இடுப்பு வலி.”

செங்கல்பட்டு டாக்டர் வசுமதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாந்தா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சின்னச் சந்தையில் மீன் விற்பவள். இந்த வருஷத்தில் அவளுக்கு இது மூன்றாவது கிட்னி தொற்று. குளிர் தூக்கிப் போடும், காய்ச்சல் கொதிக்கும், விலாவுக்குக் கீழே பிடுங்கும். காய்ச்சல் இறங்கியதும் மாத்திரையை மறந்துவிட்டுக் கூடையைத் தூக்கிவிடுவாள்.

“இந்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தா கிட்னி பூடுமா டாக்டர்?”

“ஒரு தடவ வந்து, ஒழுங்கா மருந்து சாப்ட்டு சரியாயிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அடிக்கடி வந்து, இப்படிப் பாதியில விட்டா தழும்பு விழலாம். தழும்பு விழுந்த இடம் அப்புறம் வேலை செய்யாது. ஸ்கேன்ல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, தப்பிச்சீங்க. மாத்திரைய நீங்களே முழுசா சாப்பிடுங்க. தண்ணி நல்லா குடிங்க. ஒண்ணுக்கு வந்தா அடக்காதீங்க.”

சாந்தா தன் கையைப் பார்த்தாள். மீன் அரிந்து அரிந்து விரலெல்லாம் தழும்பு. அந்த இடத்தில் முள் குத்தினாலும் உறைக்காது. உள்ளே கிட்னியும் இப்படி ஆகிவிடுமா என்று நினைத்ததும் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

மாத்திரையைப் பற்றிக் கவலையில்லை, அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தால் வீட்டுக்காரர் கண்ணில் படாது. தண்ணீர்தான் வம்பு. சந்தைக்குக் கழிப்பறை உண்டு. கழிப்பறைக்குப் பூட்டும் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதனால் விடிகாலையில் கடை போட்டால் மத்தியானம் வீடு திரும்பும் வரை அங்கே எந்தப் பெண்ணும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. காலம் காலமாக அதுதான் வழக்கம்.

மறுநாள் சாந்தா வழக்கத்தை மீறி ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். கொஞ்ச நேரத்தில் உட்கார முடியவில்லை. பேரம் பேச வந்தவரிடம் அவர் கேட்ட விலைக்கே மீனைத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கடை ரஞ்சிதாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த காபி ஹோட்டலுக்கு ஓடினாள்.

“பாத்ரூம் கஸ்டமருக்கு மட்டும்தாம்மா” என்றார் முதலாளி.

சரி என்று ஒரு காபி குடித்துக் கஸ்டமர் ஆனாள். காபி சும்மா இருக்குமா? திரும்பவும் ஓட்டம், திரும்பவும் ஒரு காபி. அவள் கடைக்கு வந்து சேர்வதற்குள் பூனை ஒரு கிழங்கான் மீனைக் கவ்விக்கொண்டு போயிருந்தது.

“எங்கக்கா ஓடிக்கினே கீற?” என்று ரஞ்சிதா சீறினாள். “நான் என் மீன பாக்கறதா, உன் பூனைய பாக்கறதா?”

அடுத்த நாள் சாந்தாவின் கண் ஈசிஆர் சாலை ஓரத்திலிருந்த பெரிய ரிசார்ட் மீது விழுந்தது. வாசலில் இங்கிலீஷ் போர்டு, பூச்செடி, வாட்ச்மேன் உலகநாதன். ஒரு பையில் அரை கிலோ சங்கராவைப் போட்டுக்கொண்டு நேராகப் போய் நின்றாள்.

“சமையக்கட்டுல மீன் கேட்டாங்க.”

“யாரு கேட்டது?”

“அதான்… தொப்பி போட்டுக்கினு கீறாரே, அவரு.”

உலகநாதன் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஒரு இடத்தில் நிற்காமல் தவித்த அவள் காலைப் பார்த்தார். பிறகு லேசாக இருமினார்.

“குடு, நான் சேத்துடறேன். மீன் கையோட நிக்காத. அந்தாண்ட பாத்ரூம் கீது, கழுவிக்கினு வா.”

அவள் திரும்பி வந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

“தொப்பிக்காரரு இன்னா சொன்னாரு அண்ணாத்த?”

“ஷோக்கா கீதுன்னாரு.”

அந்தப் பளபளப்பான, மணக்கிற பாத்ரூமுக்கு அரை கிலோ மீன் ரொம்பக் குறைச்சல் என்று சாந்தாவுக்கு மனசு உறுத்தியது. மறுநாள் ஒரு கிலோ, அதையும் செதில் நீக்கி, துண்டு போட்டு எடுத்துப் போனாள். நாளைக்கும் வேணுமா என்று கேட்டாள். உலகநாதன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “கொண்டாயேன்” என்றார்.

வாரங்கள் ஓடின. காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் வசுமதி சோதித்துப் பார்த்துவிட்டு, “இப்படியே இருங்க” என்று சிரித்தார். சாந்தா பஸ்ஸில் வழி நெடுகத் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ரஞ்சிதாதான் மோப்பம் பிடித்தாள். “ரிசார்ட்டு ஆர்டர நீ மட்டும் அமுக்கிக்கினியாக்கா?”

சாந்தா அவளை ஓரமாக இழுத்துக் காதில் உண்மையைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கினாள்.

மறுநாள் காலை சந்தையில் எல்லாப் பெண்கள் மடியிலும் தண்ணீர் பாட்டில். கொஞ்ச நேரத்தில் ரிசார்ட் வாசலில் ஒரு ஊர்வலமே நின்றது. ஒருத்தி கையில் வஞ்சிரம், ஒருத்தி கையில் நண்டு, ரஞ்சிதா கையில் நெத்திலி.

“தொப்பிக்காரரு கேட்டாரு!” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

உலகநாதனின் முகம் வெளுத்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். சாந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். எல்லாம் போச்சு, கேட்டை மூடிவிடுவார், மறுபடியும் வறண்ட தொண்டை, மறுபடியும் காய்ச்சல், அந்தத் தழும்பு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணாத்த, இவுங்க மேல தப்பு இல்ல, நான்தான் சொன்னேன். கேட்ட மட்டும் மூடிடாத. தொப்பிக்காரரு கால்ல வேணா வுழறேன்.”

உலகநாதன் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டு, ஊர்வலத்தைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார்.

“எல்லாரும் தாராளமா உள்ள போய்ட்டு வாங்கம்மா, மீன மட்டும் எங்கிட்ட குடுக்காதீங்க. இது சைவ ரிசார்ட்டு, முட்டைகூட உள்ள வராது. இத்தினி நாளா மூணு வேளையும் மீன் கொழம்பு வெச்சு வெச்சு, என் பொண்டாட்டி நேத்து கோச்சிக்கினு அவங்க அம்மா வூட்டுக்கே பூட்டா!”